மஞ்சள் லைட்டும் நீலக் குடமும்

ஏப்ரல் 24, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் என்று குடைந்தால் பதில் கிடையாது. ஆனால் சொன்னேன்.

என் தங்கை பாவாயியின் மகன் நவநீதன் ராசிபுரத்தில் கறிக்கோழி ஏற்றும் வண்டி வைத்திருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி பெங்களூருக்கு லோடு. தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுவை இல்லாமல் எருமை மாதிரி ஊர்ந்திருக்கிறது. விடியுமுன் போய்ச் சேர வேண்டியது, கிருஷ்ணகிரியைத் தொடும்போதே ஞாயிறு காலை மணி பத்து. கறிக்கோழிக்கு ஓடுகிற காற்றுதான் உயிர். வண்டி ஊர்ந்தால் சித்திரை வெயிலில் கூண்டோடு வெந்துவிடும். ஆயிரத்து இருநூறில் பாதிக்கு மேல் போய்விட்டது. உயிரோடு இருந்ததை அங்கேயே கறிக்கடைகளுக்குத் தள்ளிவிட்டு, செத்ததோடு வண்டி இன்று காலை ஊர்ந்து ஷெட்டுக்கு வந்தது.

டிரைவர் அர்த்தநாரி இறங்கி வந்து நவநீதன் முன்னால் நின்றான். இவர்கள் வீட்டுக்குப் பதினேழு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். நவநீதனின் அப்பா காலத்து ஆள்.

"யூரியா லைட்டு மின்னுச்சுங்க தம்பி. கிருஷ்ணகிரி பங்க்ல புதுசா ஒரு கேன் வாங்கி ஊத்தினேன். அப்பறமும் இழுக்கலீங்க."

இந்தப் புது மாடல் வண்டிகளுக்கு டீசல் போதாது. புகையைக் கழுவுவதற்கென்று யூரியாத் தண்ணீர் என்று ஒன்றைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். எட்டாவதோடு நின்றவன் நான், ஆனால் அந்தக் காலத்து எட்டு. எனக்குத் தெரியாத இன்ஜின் கிடையாது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

"என்னத்த மாமா சொன்னீங்க?" என்றான் நவநீதன்.

ஷெட்டில் இருந்த இருபது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனை முகம் திரும்பிய பிறகு வெறும் வாயோடு நிற்க முடியுமா? "சனிக்கிழமை காலைல இவன் நல்ல யூரியாவ உருவி வித்துட்டு, டேங்க்ல பைப்புத் தண்ணிய ஊத்தறத என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன்.

அர்த்தநாரி சிரித்தான். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான். "எதுலீங்கய்யா ஊத்தினேன்?"

"நீலக் குடத்துல."

சிரிப்பு நின்றது. நவநீதன் கையை நீட்டினான். அர்த்தநாரி சாவியை அந்தக் கையில் வைத்தான்.

ஏப்ரல் 25, செவ்வாய்

செத்த கோழிக்கெல்லாம் அர்த்தநாரி ஒருவனே குழி வெட்ட வேண்டும் என்று நவநீதன் உத்தரவு. யோசனை என்னுடையது. நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு நான் எண்ணினேன். அறுநூற்றுப் பதினான்கு. அவன் அறுநூற்றுப் பதினொன்று என்றான். என் எண்ணிக்கைதான் சரி. மதியம் வீட்டில் கோழிக்குழம்பு, ஆனால் அது கடையில் வாங்கியது.

ஏப்ரல் 26, புதன்

இன்று நல்ல கூட்டம்.

ஷெட்டுக்கு எதிரே முனியப்பன் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவன் சொல்லும் இன்னொருவன் சொல்லும் முட்டிக்கொண்டால் அங்கேதான் தீர்ப்பு. கற்பூரத்தை ஏற்றி, எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

அர்த்தநாரி தானே கற்பூரம் வாங்கி வந்திருந்தான். "நான் தண்ணி கலந்திருந்தா இந்தக் கை ஸ்டீயரிங் புடிக்காமப் போகட்டும் சாமி" என்று சொல்லி அடித்தான். குழி வெட்டியதில் கையெல்லாம் கொப்புளம். கற்பூரம் பட்டதும் முகம் கோணிப்போயிற்று, ஆனால் கையை எடுக்கவில்லை.

"இவ்வளவு சுளுவா சத்தியம் பண்றானே, இதுக்கு முன்னாடி எத்தனை பண்ணியிருப்பான்?" என்றேன். லாரி ஸ்டாண்டுக்காரர்கள் சிரித்தார்கள். சமயத்துக்குத் தகுந்த பேச்சு எனக்கு வரும்.

அவன் இன்னொரு கற்பூரத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்தான். "இப்ப நீங்க ஒண்ணு அணைச்சுருங்கய்யா. பாத்தேன்னு சொல்லி அணைச்சுருங்க. நான் எதுவும் கேக்காம இப்படியே போயிர்றேன்."

"எனக்குத் தீட்டு" என்றேன்.

பாவாயி கூட்டத்திலிருந்து தலையை நீட்டினாள். "தீட்டா? எனக்குத் தெரியாம யாருண்ணா செத்தது?"

"அந்தியூர்ப் பங்காளி."

"எந்த அந்தியூரு?"

"ஊருல ஒரே அந்தியூருதான் இருக்குது. போயி அடுப்பப் பாரு."

கற்பூரம் காற்றில் தானாகவே கரைந்துகொண்டிருந்தது. நவநீதன்தான் முடித்து வைத்தான். "தீட்டோட சத்தியம் பண்ண மாட்டேங்கறாரு பாருங்க. அந்த நேர்மை போதும் எனக்கு. இனிமே என் வண்டியத் தொடாத அர்த்தநாரிண்ணா."

அண்ணா என்று இன்னும் சொல்கிறான். பழக்கதோஷம்.

ஏப்ரல் 27, வியாழன்

கோழி வண்டி ஓனர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, எல்லாம் சேர்த்து முந்நூறு பேர். அதில் போட ஒரு வாய்ஸ் பேசிக் கொடுங்கள் என்று நவநீதன் கேட்டான். நான்கு நிமிஷம் பேசினேன். வெறுமனே பார்த்தேன் என்று சொன்னால் எடுபடாது. அவன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்ததையும், ஒரு பாட்டை முணுமுணுத்ததையும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூடியைப் பல்லால் திருகியதையும் சேர்த்தேன். ஒருவர் "அண்ணன் பேசறது நேர்ல பாக்கற மாதிரியே இருக்குது" என்று பதில் போட்டார். மூன்று முறை திரும்பக் கேட்டேன்.

மதியத்துக்குள் அர்த்தநாரிக்கு மூன்று ஊரிலும் வண்டி இல்லை என்று ஆகிவிட்டது.

வண்டியில் வெள்ளிக்கிழமையே ஒரு மஞ்சள் லைட் எரிந்ததாகவும், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தநாரி சொன்னதாகவும் பாவாயி இன்று முனகினாள். சொன்னான்தான். மஞ்சள் என்றால் மங்களம், சிவப்புக்குத்தான் பயப்பட வேண்டும், லோடு போகட்டும் என்று நான்தான் நவநீதனுக்குத் தைரியம் கொடுத்தேன். அந்தத் தைரியத்தை யாரும் இப்போது பேசுவதில்லை.

அந்த வண்டிமேல் எனக்கிருக்கும் அக்கறை யாருக்கு உண்டு? போன வியாழன் அமாவாசைக்கு எலுமிச்சை மிளகாய் கோத்து முன்னால் கட்டியவன் நான். கருப்புக் கயிறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் சைலன்சர் பக்கத்தில் ஒரு வயர் பாம்புக்குட்டி மாதிரி வளைந்து தொங்குகிறது. மிச்சக் கயிற்றால் அதைப் பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது!

ஏப்ரல் 28, வெள்ளி

வண்டி இன்னும் இழுக்கவில்லை. யூரியா டேங்கைக் கழுவிப் புதிதாக ஊற்றியும் இழுக்கவில்லை. சேலத்திலிருந்து ஸ்கேனர் போட ஆள் வரும் என்றான் நவநீதன். வந்தது ஒரு பெண். மேகலா என்று பெயர், முப்பது வயது இருக்கும். மெக்கானிக் எங்கே என்று கேட்டேன். "நாந்தான் சார்" என்றாள்.

இன்ஜினை யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று நேற்றே சொல்லி அனுப்பியிருந்தாள். காலை ஆறரைக்கு, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியில் மிஷினை மாட்டினாள். சைலன்சர் வழி நெடுக நான்கு இடத்தில் சூடு பார்க்கும் சென்சர் இருக்கிறதாம். காய்ச்சலுக்கு அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டர் மாதிரி என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன்.

"ஆறின வண்டியில நாலும் ஒரே நம்பரக் காட்டணும், வெளிய இருக்கற சூட்ட" என்று திரையைக் காட்டினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. நான்காவது எண்ணூற்றுச் சொச்சம்.

"பச்சத் தண்ணி மாதிரி கெடக்கற பைப்ப எண்ணூறு டிகிரின்னு இது சொல்லுது. அத நம்பித்தான் வண்டி தன்னையே அமுக்கிட்டு இழுவையக் கொறைச்சிருக்கு. யூரியா தெளிக்கறதையும் நிறுத்தியிருக்கு. அதான் அந்த லைட்டும் மின்னியிருக்கு."

"அப்ப யூரியால கோளாறு இல்லியா?" என்றான் நவநீதன்.

"யூரியா தரம் கொறஞ்சா இதுல பதிவாகும் சார். ஒரு பதிவுகூட இல்ல."

நவநீதன் என்னைப் பார்த்தான். நான் ஸ்கேனரின் வயரைப் பார்த்தேன். சீனா மால் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 29, சனி

சென்சரா, அதற்கு வருகிற வண்டி வயரிங்கா என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாதாம். அந்தப் பெண் பிளக்கைக் கழற்றி, வண்டிப் பக்கத்து வயரை மீட்டரில் பார்த்தாள். அது சரி. சென்சரைக் கழற்றி டீக்கடைக்குக் கொண்டு போய், கொதிக்கிற பாய்லர் தண்ணீரில் அதன் மூக்கை முக்கி, மீட்டரை வைத்தாள். மீட்டர் மெல்ல ஏறியது. "மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அதன் வாலாக நீண்ட வயரைப் பிடித்து ஆட்டினாள். மீட்டர் குதித்தது. வால் ஓரிடத்தில் உருகிக் கருகியிருந்தது.

நவநீதன் அப்போது போனில் தள்ளி நின்றிருந்தான். அவள் என்னிடம் வந்து வாலைக் காட்டினாள். உருகின பிளாஸ்டிக்கோடு நாலு இழை கருப்பு நூல் ஒட்டியிருந்தது.

"கம்பெனில இந்த வயர பைப்புல படாம வளைச்சு விட்டிருப்பாங்க சார். யாரோ சேத்து இறுக்கிக் கட்டியிருக்காங்க. திருஷ்டிக் கயிறு மாதிரி இருக்கு. இங்க யாரு கட்டுவாங்க?"

"டிரைவர்தான்" என்றேன். "வேற யாரு வண்டிக்கு அடியில பூருவாங்க?"

இது பொய்யென்று சொல்ல முடியாது. டிரைவர் என்று ஒருவன் இருந்தால் வண்டிக்கு அடியில் நடப்பதற்கெல்லாம் அவன்தானே பொறுப்பு.

பார்க்கலாம் என்று சென்சரைக் கையில் வாங்கி, அந்த நூலை மட்டும் நகத்தால் சுரண்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நூலையும் பார்த்தாள், என் நகத்தையும் பார்த்தாள். சேலத்துக்காரிகள் பார்வையே ஒரு மாதிரி.

ஏப்ரல் 30, ஞாயிறு

அர்த்தநாரியின் மனைவி சரசு ஷெட்டுக்கு வந்தாள். வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் தூக்கி வந்து வரிசையாக வைத்தாள். இரண்டு ஆரஞ்சு, ஒன்று எவர்சில்வர்.

"எங்க ஊட்டுல இருக்கறதே இவ்வளவுதானுங்க. இதுல எதுங்க நீலம்?"

"நீலத்த ஒடைச்சுப் பொதைச்சிருப்பான். குழி வெட்டறதுலதான் கெட்டிக்காரனாச்சே" என்றேன்.

சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. அவள் மூன்றையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாமல், ஒன்றை வைத்து ஒன்றை எடுத்து, கொஞ்ச நேரம் திண்டாடினாள்.

மே 1, திங்கள்

மே தினம். ஸ்டாண்டில் கொடி ஏற்றினார்கள். உழைப்பாளியின் நாணயம் பற்றிப் பேசினேன். கைதட்டல்.

மே 2, செவ்வாய்

புது சென்சர் வந்தது. மேகலா மாட்டினாள், வாலை வளைத்துப் பைப்பில் படாமல் கிளிப் போட்டாள். மிஷினில் என்னவோ தட்டினாள். வண்டி அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமி, உள்ளே அடைந்திருந்த கரியை எரித்துத் தள்ளியது. பிறகு ஆட்டையாம்பட்டி வரை ஓட்டிப் பார்த்தோம். குதிரை மாதிரி இழுக்கிறது.

கிளம்பும்போது அவள் நவநீதனைத் தனியே கூப்பிட்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அந்த வாட்ஸப் வாய்ஸ எங்க பட்டறைலயும் கேட்டாங்க சார். உங்க டிரைவர் தண்ணி ஊத்தல. சனிக்கிழமை காலைல ஊத்தியிருந்தா ராத்திரி தொப்பூரு போறதுக்குள்ள மிஷின்ல பதிவாயிருக்கும். லைட்டு எரியுதுன்னு மொதல்லயே சொன்னவரு அவருதான்னும் சொல்றாங்க. குரூப்புல ஒரு வார்த்த மாத்திப் போட்ருங்க. அவரு பொழப்பு அதுலதான் நிக்குது."

நவநீதன் நேராக என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. அவன் அப்பா செத்தபோது சுடுகாட்டுக்குத் தோள் கொடுத்தவன் அர்த்தநாரி, அது ஞாபகம் வந்திருக்கும்.

"மாமா, நெசமாலுமே பாத்தீங்களா? தப்பாப் பாத்திருந்தாலும் பரவால்ல மாமா. வேற யாரையோ பாத்துட்டேன்னு சொல்லுங்க, போதும். நான் போயி அவரக் கூட்டிட்டு வந்துர்றேன்."

ஒரு வார்த்தைதான். அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று கூட எழுதலாம். ஆனால் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, உன்னைய எம் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தினாங்க. நான் உங்கிட்டப் பொய் சொல்லுவனா? குடத்துக்கு வாய்ப் பக்கம் ஒரு வெடிப்புகூட இருந்துச்சு. தண்ணி ஒழுகி அவன் லுங்கி நனைஞ்சுது."

நவநீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளிடம் திரும்பி, "மிஷினு தப்பாச் சொல்லும்மா. அந்த சென்சரே எண்ணூறுன்னு சொல்லலியா? தாய்மாமன் சொல்ல மாட்டாரு" என்றான்.

அவள் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நாளையிலிருந்து என் மச்சினன் மகன் தனசீலன் வண்டி ஓட்டுகிறான். நல்ல பையன். ஏற்றத்தில் கொஞ்சம் பயப்படுவான்.

மே 5, வெள்ளி

தனசீலனுக்குத் துணையாக நானும் பண்ணைக்குப் போனேன். வெண்ணந்தூர் பக்கம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கோழி பிடித்துக் கொடுக்க ஆறு பேர் நின்றிருந்தார்கள். கைக்கு ஐந்து கோழியாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வந்து கூண்டில் திணிக்கிற வேலை. தலையெல்லாம் இறகும் எச்சமுமாக ஒருவன் வந்து என் பக்கம் கூண்டைத் திறந்தான். அர்த்தநாரி. ஐம்பதை நெருங்கினவனுக்கு இந்த வேலை கொஞ்சம் சிரமம்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தான்.

போன மாதம் வரை தான் ஓட்டிய வண்டியில் கூண்டு கூண்டாகத் திணித்தான். நடுவில் ஒருமுறை சைலன்சரைக் குனிந்து பார்த்து, "புது சென்சருங்களா? இப்ப இழுக்குதுங்களாய்யா?" என்று கேட்டான்.

"குதிரை மாதிரி" என்றேன்.

"சந்தோசமுங்க." இரண்டு கையிலும் கோழியோடு நின்றான். "அய்யா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. குடத்துக்கு வாயில வெடிப்பு இருந்துச்சுன்னு சொன்னீங்களாமா?"

"ஆமா."

"லுங்கி நனைஞ்சுதுன்னும்?"

"ஆமா."

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்து வண்டியின் அந்தப் பக்கம் நின்ற தனசீலனைத் தேடினேன். அர்த்தநாரி திட்டவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"அன்னைக்கு ரேடியேட்டருக்கு பக்கெட்டுல தண்ணி ஊத்தினேனுங்க, அது ஞாபகம் இருக்குது. லுங்கி நனைஞ்சுதான்னு தெரியல. ராத்திரியெல்லாம் யோசிக்கறேன். வெடிப்பு வரைக்கும் சொல்றீங்க. எங் கையும் புண்ணு ஆற மாட்டேங்குது, சாமிகிட்ட வேற அடிச்சுட்டேன். ஒருவேள தூக்கக் கலக்கத்துல நாந்தான் எதாவது பண்ணிப்புட்டேனோன்னு... சரசுகூட, ஒத்துக்கிட்டு கால்ல உழுந்துருங்க, மன்னிச்சுருவாங்கங்கறா. நீங்க சொல்லுங்கய்யா. பாத்தது நீங்கதானே. நான் ஊத்தினேனுங்களா?"

கோழிகள் அவன் கையில் தலைகீழாக இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன.

"ஊத்தினே" என்றேன்.

தலையை ஆட்டினான். "அப்ப சரிங்க" என்றான். கோழியைக் கூண்டில் வைத்து, கதவைச் சாத்தி, கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். டிரைவராக இருந்தபோதும் அப்படித்தான் பார்ப்பான்.

மே 6, சனி

காலையில் அர்த்தநாரி ஷெட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் நவநீதன் காலில் விழுந்து, தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று ஒத்துக்கொண்டான். நவநீதன் மன்னித்தான். வேலை மட்டும் கிடையாது என்றான். திருடினேன் என்று தன் வாயாலேயே சொன்னவனிடம் வண்டியை எப்படிக் கொடுப்பது, நியாயம்தானே. அதையும் ஒருவன் வீடியோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டான். நான் முன்கூட்டியே சொன்னது கடைசியில் அவன் வாயாலேயே நிரூபணம் ஆயிற்று. நாலு பேர் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். பாவாயி மட்டும் இன்னும் அந்தியூரில் செத்தது யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் ஒரு சின்ன விஷயம். குடம் நான் சேர்த்தது. நீலக் குடமும் இல்லை, வேறு நிறத்திலும் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலை நான் ஷெட்டுக்கே போகவில்லை. எழுந்ததே ஒன்பதரைக்கு. மற்றதெல்லாம் நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன்.